கை அசையாது, பேச்சும் குழறுது: அப்பா வாட்ஸ்அப் பார்க்க வழி

வணக்கம்ங்க. அப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய் (தசையை இயக்குற நரம்புகள் பழுதாகிற நோய்), கை தூக்க முடியலை, பேச்சு குழறுறதால குரல் கட்டளையும் போன் புரிஞ்சுக்கலைன்னு எழுதியிருந்தீங்க. குரலை விடுங்க, முகத்தைப் பயன்படுத்துங்க.

ஆண்ட்ராய்டு 12 அல்லது அதுக்கு மேலன்னா செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஸ்விட்ச் ஆக்சஸ் (திரையைத் தொடாமலே போனை இயக்குற வசதி) போங்க. அதுல கேமரா ஸ்விட்ச்னு ஒண்ணு இருக்கு. முன்கேமரா முகத்தைப் பார்க்கும். புருவம் தூக்குறது, சிரிக்கிறது, வாய் திறக்கிறது எல்லாமே பொத்தான் மாதிரி. ஆட்டோ ஸ்கேன் போட்டா திரையில ஒரு கட்டம் தானா நகரும், வேணும்ங்கிற இடம் வரும்போது புருவத்தைத் தூக்கினா போதும்.

எங்க மாமாவுக்கு முதல்ல வாய் திறக்கிறதை வெச்சேன். ராத்திரி கொட்டாவி விட்டார், சம்பந்தி வீட்டுக்கு வீடியோ கால் போயிடுச்சு! அப்புறம் புருவத்துக்கு மாத்தினேன். கட்டம் நகரும் வேகத்தை நல்லா குறைச்சு வைங்க, அவசரப்படுத்தினா வெறுத்துடுவாங்க. போனைக் கட்டில் கம்பியில ஸ்டாண்ட் மாட்டி, முகத்துல வெளிச்சம் விழுற மாதிரி, சார்ஜரோடயே வைங்க.

இந்த நோய்ல முகத் தசையும் தளரலாம், கண் அசைவு பெரும்பாலும் கடைசி வரை நிக்கும். அதனால ஒரு அட்டையில அ, ஆ, க, ச-ன்னு வரிசையா எழுதி இப்பவே பழக்குங்க. நீங்க வரிசை வரிசையா விரல் வெச்சுக் காட்டணும், அவர் கண்ணை மேல தூக்கினா ‘ஆமா’. கரண்ட் போனாலும் அது ஓடும்.

போன் மாடல் சொல்லுங்க, மீதியைப் பார்க்கலாம்.