மின்புலத்தால் ஒளிக்கற்றையை நகர்த்த முடியுமா?

முடியும். கண்ணாடிக்குள் நன்றாகச் சாய்ந்து வரும் ஒளி, அதன் எல்லையில் பட்டு வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புவதுதான் முழு அகப் பிரதிபலிப்பு. இதில் ஒளிக்கற்றை பட்ட புள்ளியிலிருந்தே திரும்புவதில்லை. ஏறக்குறைய ஓர் அலைநீளம் தள்ளி எழுகிறது, ஈரத்தரையில் கொஞ்சம் வழுக்கிவிட்டு அப்புறம் எழும்பும் பந்தைப் போல. ஒளி எல்லைக்கு அப்பால் சற்றே கசிந்து திரும்புவதுதான் காரணம். 1947-இல் கூஸ், ஹென்ஷன் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் இதைச் சோதனையில் காட்டினார்கள்.

கண்ணாடிமேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் வெள்ளி பூசினால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. குறிப்பிட்ட ஒரு கோணத்தில் உலோகப் பரப்பின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலையாய் ஆடும். இதுவே பரப்பு பிளாஸ்மான். ஒளி அதில் சிக்கித் தாமதிப்பதால் நகர்வு பல மடங்காகும், பூச்சின் தடிமனைப் பொறுத்துப் பின்பக்கமாகக்கூடப் போகும்! வெள்ளியை ஒட்டி, மின்னழுத்தத்துக்கேற்ப ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண்) மாறும் படிகத்தை வைத்தால், மின்னழுத்தத்தை மாற்றும்போது அந்தக் கோணம் இம்மியளவு விலகும், நகர்வும் மாறிவிடும்.

மின்புலம் ஒளியை இழுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒளிக்கு மின்னூட்டமே கிடையாது, மாறுவது படிகம்தான்.