நிலவு பகையான இரவு: கேள்வி பதில்

இலக்கியத்தில் இரவு, இருள், கண் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டன. முப்பது ஆண்டுகளாகச் சங்க அகப்பாடல்களை வகுப்பில் நடத்தி வருகிறேன். அந்த எல்லைக்குள் நின்றே பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: இருள் என்றால் அறியாமை அல்லது தீமை என்று கட்டுரையில் எழுதலாமா?

சைவ சித்தாந்தம் பற்றிய கட்டுரை என்றால் எழுதலாம். சங்கப் பாட்டுக்கு மட்டும் வேண்டாம் அம்மா. அகநானூறு 122-ஐ எடுத்துப் படியுங்கள். பரணர் பாடியது. இரவில் காதலன் வந்து போவதற்கு என்னென்ன தடை என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள்.

திருவிழா இல்லாத நாளிலும் இந்த ஊர் தூங்காது. கடைவீதியும் தெருவும் அடங்கினால் அம்மா தூங்க மாட்டாள். அம்மா தூங்கினால், 'துஞ்சாக் கண்ணர்' ஆன ஊர்க்காவலர் சுற்றி வருவார்கள். அவர்களும் கண்ணயர்ந்தால், வலப்பக்கம் சுருண்ட வாலோடு நாய் குரைக்கும். நாய் அடங்கினால் நிலவு பகல்போல் காயும். நிலவு மலையில் மறைந்து நல்ல இருட்டாகிவிட்டால், வீட்டெலியைத் தின்னும் கூகை என்னும் பேராந்தை குழறும். கூகையும் ஓய்ந்தால் கோழி கூவும். இத்தனையும் ஒன்றாக அடங்கிய ஒரு நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து அவன் வரவில்லை!

இந்த வரிசையில் நிலவு எந்தப் பக்கம் நிற்கிறது பாருங்கள். நாய், காவலர் பக்கம். இருட்டுதான் இவளுக்கு ஆதரவு. கடைசியில், உறந்தையைச் சுற்றியுள்ள காவற்காட்டைப்போல நம் களவுக்கும், அதாவது ஊரறியாத காதலுக்கும், பல முட்டு, பல தடை என்கிறாள். உறந்தை வேறெங்கோ இல்லை, உங்கள் உறையூர்தான். அந்த ஊரை ஆண்டவன் 'நொச்சி வேலித் தித்தன்'. அந்த நொச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொருவர் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

யாமம் என்பது நள்ளிரவு 12 மணியா?

ஒரு மணி அல்ல, ஒரு பொழுது. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். யாமம் இரவு 10 முதல் 2 வரை. குறிஞ்சித் திணைக்கு உரிய பொழுது அதுதான்.

சென்னையிலிருந்து: சித்தாந்தத்தில் இருள் ஏன் மலமானது?

இதை ஒரு சித்தாந்த ஆசிரியரிடம் கேட்பதே நல்லது. மலம் என்றால் அங்கே உயிரைப் பற்றிய அழுக்கு, அதில் முதன்மையானது ஆணவம். ஒரு குறளை மட்டும் சொல்கிறேன், திருக்குறள் இல்லை. உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற சித்தாந்த நூலில் 'இருள்மலநிலை' என்றே ஓர் அதிகாரம் வைத்தார். 'ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும், இருபொருளும் காட்டாது இது' என்பது அதில் வருகிறது. இருட்டு மற்ற பொருளை மறைத்தாலும் 'நான் இருக்கிறேன்' என்று தன்னையாவது காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது. அதாவது, ஆணவத்தைவிட இருட்டு எவ்வளவோ மேல் என்கிறார். இந்தக் குறளைப் படிக்காமலே 'இருள் கெட்டது' என்று மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திருக்குறளில் இரவு எப்படி வருகிறது?

1168-ஆம் குறளை விட்டுவிடாதீர்கள். 'மன்னுயிர் எல்லாம் துயிற்றி அளித்திரா என்னல்லது இல்லை துணை.' எல்லா உயிரையும் தூங்க வைத்துவிட்டு இந்த இரவு தனியாக உட்கார்ந்திருக்கிறது, பாவம், என்னை விட்டால் அதற்குத் துணை யார் என்கிறாள் காதலனைப் பிரிந்த தலைவி. தான் துன்பத்தில் கிடக்கும்போதும் இரவுக்காக இரங்குகிறாள். இந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போது இன்றும் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

கண்ணுக்கென்று தனி அதிகாரமே உண்டு, 'கண்விதுப்பழிதல்'. அதில் 1179: அவர் வராவிட்டால் வருவார் என்று தூங்காது, வந்தால் பிரிவாரோ என்று தூங்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது கண்.

கறுப்பு நிறம் எதிர்மறைக் குறியீடுதானே?

முதல் பதிலைப் பாருங்கள். கூடவே பாரதியின் கண்ணம்மா பாட்டையும். 'வட்டக் கரிய விழி'யைப் பார்த்து 'வானக் கருமை கொல்லோ' என்று வியக்கிறார். நடுநிசி வானம் அவருக்குப் பட்டுக் கருநீலப் புடவை.

கனவில் கண் வந்தால் என்ன பலன்? கண் திருஷ்டிக்கு என்ன பரிகாரம்?

இவை என் துறை இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்: 'கண்' என்ற சொல்லே ஏன் இத்தனை இடத்தில் வருகிறது?

நல்ல கேள்வி, நன்றி ஐயா. நுங்குக்குக் கண், தேங்காய்க்குக் கண், ஊற்றுக்குக் கண், வலைக்குக் கண். முரசில் அடிபடும் பரப்பும் கண்தான். இலக்கணத்தில் ஏழாம் வேற்றுமை உருபும் 'கண்'. 'அவன்கண்' என்றால் அவனிடத்தில். ஆக, முகத்திலுள்ள உறுப்பு மட்டும் கண் இல்லை, இடம் என்ற பொருளும் அதற்கு உண்டு. தேங்காயை உரித்து அடியிலுள்ள மூன்று கண்ணையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். முளை அதன் வழியாகத்தான் வெளியே வரும். ஊற்றுக்கண்ணில் நீர் வருவதும் அப்படித்தான். 'கண் திறந்தது' என்று எதையெல்லாம் நாம் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இருள் என்றால் மரணமா?

சொல்லைத் தனியாகப் பிய்த்து எடுத்துவிட்டு அதற்குப் பொருள் கேட்காதீர்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தத் திணை என்று பார்த்துவிட்டு முழுப் பாட்டையும் படியுங்கள். இதே கேள்வியை வேறு சொற்களில் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் இதுவே பதில்.

கோவையிலிருந்து: குறுந்தொகை 138-இல் நொச்சிப் பூ விழும் சத்தம் கேட்டதாக வருகிறது. அத்தனை சின்னப் பூ! வெறும் மிகைதானே?

கொல்லன் அழிசி பாடியது, ஐந்தே வரி. 'கொன்னூர் துஞ்சினும் யாம் துஞ்சலமே' என்று தொடங்கும். ஊரே தூங்கியது, நாங்கள் தூங்கவில்லை. மயிலடி போன்ற இலையுடைய நொச்சியின் மெல்லிய கொம்பிலிருந்து நீலமணி போன்ற பூக்கள் உதிர்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தோழி சொல்கிறாள். மிகை என்று நான் நினைக்கவில்லை.

அதே அன்பர் மறுபடியும்: அறிவியல்படி காதில் விழாது.

என் வீட்டுக் கொல்லையில் நொச்சி நிற்கிறது. பூ சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. அடியில் காய்ந்த வாழைச்சருகு கிடந்தது. ஒரு நாள் மின்சாரம் போய், காற்றும் இல்லாத ராத்திரி. அங்கேயே கயிற்றுக்கட்டிலில் கிடந்தேன். முதல் அரைமணி நேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் சருகில் 'டிக்' என்று ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், சருகின் மேல் புதிதாய் இரண்டு பூ.

மதுரையிலிருந்து ஒருவர் இடையில்: சத்தம் கேட்டதா என்பது முக்கியமில்லை. தூக்கமில்லாத நோயைத்தான் பாட்டு சொல்கிறது.

பாதிதான் சரி. யார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று பாட்டின் கீழே சொல்லும் துறைக்குறிப்பைப் பாருங்கள். முந்தின இரவு குறி, அதாவது சந்திப்பு, தவறிய தலைவன் மறுநாள் இரவு வந்து வேலிப்புறம் நிற்கிறான். அவன் காதில் விழும்படி தோழி சொல்வது இது. ஆகவே இது வெறும் புலம்பல் இல்லை, அவனுக்குப் போகிற செய்தி.

கோவை அன்பர்: அப்படியானால் சத்தம் கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?

ஆமாம், அதனால்தான் விடாமல் பேசுகிறேன். இரவுக்குறியில், அதாவது இரவில் சந்திக்கக் குறித்த இடத்துக்கு, வந்தவன் குளத்தில் கல்லெறிந்தோ பறவையைக் கிளப்பியோ ஓர் ஓசை எழுப்புவான். அவளுக்கு அதுதான் அழைப்பு. சில நாள் காய் தானாக நீரில் விழும், அவள் ஏமாந்து போய்த் திரும்புவாள். அல்லகுறி என்பார்கள். முந்தின இரவு இரண்டு பெண்களும் இருட்டில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூ விழுந்ததுகூடக் கேட்டது. உன் காலடி மட்டும் கேட்கவில்லையே என்று அவனிடம் சொல்கிறாள்.

கோவை அன்பர்: சரி ஐயா. எங்கள் வாய்க்கால் ஓரத்தில் நொச்சி இருக்கிறது. அமாவாசை அன்று போய் உட்காருகிறேன்.

போங்கள். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடாத நாளாக இருக்கட்டும்.