விற்றமின் போட்டால் ஐஸ் ஒன்றும் செய்யாதா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 24 வயது, கொழும்பில் வேலை. பொங்கலுக்கு வந்தபோது அவன் பையில் ஐந்தாறு போத்தல் குளிசை இருந்தது. கேட்டதும் மறைக்காமல் சொன்னான். மாதத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமை கூட்டாளிகளோடு ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கிறானாம், உடம்பு கெடாமல் இருக்கத்தான் இந்தச் சத்துக் குளிசைகளாம். தண்ணீரில் போட்டால் பொங்கும் விற்றமின் சி, மக்னீசியம், டைரோசின், என்.ஏ.சி. (என்-அசிட்டைல்சிஸ்டைன்), இணையத்தில் வாங்கிய 5-எச்.டி.பி. "இதெல்லாம் போட்டா ஒண்ணும் செய்யாதுக்கா" என்கிறான். மனச்சோர்வுக்கு கிளினிக்கில் கொடுத்த ஃப்ளூஒக்செட்டினும் ஒரு வருடமாக எடுக்கிறான். இந்தக் குளிசைகள் உண்மையில் காப்பாற்றுமா? நானும் காசு போட்டு வாங்கிக் கொடுக்கலாமா? அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
– ஓர் அக்கா

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மற்றதையெல்லாம் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 5-எச்.டி.பி. போத்தல். இன்றைக்கே தம்பிக்கு அழைத்து, அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

5-எச்.டி.பி. உடம்புக்குள் போனதும் செரோட்டோனின் என்ற இரசாயனமாக மாறுகிறது. ஃப்ளூஒக்செட்டின் அந்த செரோட்டோனினை நரம்புகள் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளாமல் தடுக்கிறது. ஐஸ், அதாவது மெத்தம்ஃபெட்டமின், நரம்பில் சேமித்து வைத்திருப்பதை வெளியே தள்ளுகிறது. ஒன்று உற்பத்தியைக் கூட்ட, ஒன்று வாய்க்காலை அடைக்க, ஒன்று மதகைத் திறந்துவிட்டால் வெள்ளம் எங்கே போகும்? கைகால் நடுக்கம், கணுக்கால் தானாகத் துடிப்பது, கடும் வியர்வை, வயிற்றோட்டம், நிலைகொள்ளாத பதற்றம், ஏறும் உடல் வெப்பம் எல்லாம் சில மணி நேரத்துக்குள் வரலாம். முற்றினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் பட்டியலில் நேரடியாகக் கெடுதல் செய்யக்கூடியது இந்தப் போத்தல்தான். சத்துணவு என்று லேபல் ஒட்டியிருப்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை.

"அப்படியென்றால் சனிக்கிழமைக்கு மட்டும் ஃப்ளூஒக்செட்டினை விட்டுவிடுகிறேன்" என்று தம்பி சொல்லக்கூடும். அதில் பலனில்லை. அந்த மருந்து உடம்பை விட்டுப் போகவே பல வாரம் எடுக்கும். தானாக நிறுத்தினால் மனச்சோர்வு திரும்பவும் தலைதூக்கும். இன்னொன்றும் இருக்கிறது. ஐஸை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகளில் முக்கியமான ஒன்றை ஃப்ளூஒக்செட்டின் மந்தமாக்குகிறது. கூட்டாளி பாவிக்கும் அதே அளவு உங்கள் தம்பியின் உடம்பில் கூடுதலாகவும் நீண்ட நேரமும் நிற்கலாம். கிளினிக் வைத்தியரிடம் ஐஸ் விஷயத்தைச் சொல்லாமல் மறைப்பது அதனால்தான் ஆபத்து.

அடுத்தது பொங்கும் விற்றமின் சி. அமிலம் கூடிய சிறுநீரில் மெத்தம்ஃபெட்டமின் வேகமாக வெளியேறும் என்பது உண்மைதான், விற்றமின் சி நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் அந்தக் குளிசையைத் தண்ணீரில் போட்டதும் நுரைப்பது எதனால்? அதில் கலந்திருக்கும் சோடியம் பைகார்பனேட்டால், நம் வீட்டு அப்பச்சோடாவால். அது சிறுநீரைக் காரத்தன்மைக்குத் தள்ளும் பொருள். போதையைக் கழுவி வெளியேற்றலாம் என்று குடிப்பதில், அதை உள்ளே பிடித்து வைப்பதும் கொஞ்சம் சேர்ந்தே வருகிறது. நுரைக்காத சாதாரணக் குளிசையும் சிறுநீரை நம்பகமாக அமிலமாக்குவதில்லை. சரி, அமிலமாக்கியே விட்டோம் என்று வையுங்கள். ஐஸால் உடம்பு கொதித்துத் தசைகள் சிதைந்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்துக்கு வரும். அமிலச் சிறுநீரில் அது உறைந்து சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். வைத்தியசாலைகளில் இந்த முறையைக் கையாளாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான விற்றமின் சி 100 மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு நல்ல கொய்யாப்பழத்தில் அது கிடைத்துவிடும். 2,000 மில்லிகிராமுக்கு மேல் போனால் வயிற்றோட்டமும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும்தான் மிச்சம்.

என்.ஏ.சி.யைப் பற்றி ஊகமாகப் பேச வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவில் ஐஸ் பழக்கமுள்ள 153 பேரை வைத்துப் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு தினமும் 2,400 மில்லிகிராம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை, 12 வாரம். 2021இல் முடிவு வெளிவந்தது. பாவனை குறைவதில் இரு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. மூளையைக் காக்கும் என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் எலி ஆய்வுகள். எலிக்குப் போதைப்பொருள் கொடுப்பதற்கு முன்பே, உடல் எடைக்குப் பெரிய அளவில், ஊசியில் ஏற்றிய பொருள் அது. சனிக்கிழமை இரவு ஒருவர் விழுங்கும் குளிசைக்கு அதைக் கணக்குக் காட்ட முடியாது.

டைரோசின், மூளையில் உற்சாகம் தரும் டோபமின் என்ற இரசாயனத்துக்கு மூலப்பொருள். ஆனால் டைரோசினை டோபமினாக மாற்றும் நொதி தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஆலையில் இயந்திரம் ஒன்றுதான் என்றால் கொழுந்து மூட்டைகளை வாசலில் அடுக்கித் தூள் கூடுமா? பரிசோதித்த இடத்திலும் பலன் தெரியவில்லை. மக்னீசியம் தாடை இறுக்கத்துக்கு என்று போடுவார்கள், அதற்கு உருப்படியான ஆதாரமில்லை. குளிசையாக நாளொன்றுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் போனால் வயிற்றைக் கலக்கும். ஏற்கனவே வியர்த்து நீர் இழந்தவருக்கு அதுவும் வேண்டுமா?

சரி, இந்தக் குளிசைகள் எட்டாத இடம் எது? ஐஸின் கேடு நடக்கும் இடங்கள் எல்லாமே. இரத்தக்குழாய் சுருங்கி, அழுத்தமும் துடிப்பும் ஏறி, இதயம் அடிபடுகிறது. உடல் வெப்பம் ஏறுகிறது. தூக்கமில்லாத இரண்டாம் இரவில் சந்தேகமும் இல்லாத குரல்களும் வரத் தொடங்குகின்றன. வாய் உலர்ந்து, பல் நெறுநெறுத்து, தாகத்துக்குச் சோடாவும் சீனித் தேத்தண்ணியும் குடிப்பதால் பல் அழுகுகிறது. விற்றமினுக்கு இதில் எங்கே வேலை?

வெப்பத்தைப் பற்றி மலைநாட்டுக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் குளிரில் கைகால் சில்லென்று இருக்கும், ஆள் சுவெட்டரும் ஜாக்கெட்டும் போட்டு, கதவைச் சாத்திய லயன் அறையில் இருப்பார். தொட்டுப் பார்ப்பவர் கையைத் தொட்டுவிட்டு ஆள் குளிர்கிறார் என்பார். ஐஸ் தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால்தான் கை சில்லிடுகிறது, நெஞ்சுக்குள் நெருப்பாக இருக்கும். கையைப் பார்க்காமல் கழுத்தையும் நெஞ்சையும் தொடுங்கள், வெப்பமானி இருந்தால் அளந்து பாருங்கள். பெனடோல் இதற்குக் கேட்காது. அது காய்ச்சலுக்கு மூளை உயர்த்தி வைத்த வெப்பத்தைத்தான் இறக்கும், இங்கே மூளை அதை உயர்த்தி வைக்கவில்லை.

நீங்கள் போட நினைக்கும் காசுக்கு வேறு வழி இருக்கிறது. ஐஸ் பசியைக் கொன்றுவிடும், இரண்டு நாள் பட்டினி கிடந்தவருக்கு வேண்டியது உணவு. எழுந்ததும் கஞ்சி, பிறகு அவித்த முட்டை, பருப்பு, வாழைப்பழம், கொஞ்சம் நெத்தலி. ரொட்டியும் கட்டசம்பலும் மட்டும் வயிற்றை நிரப்பும், தசைக்கு ஒன்றும் சேராது. வியர்த்து, வாந்தியெடுத்துக் களைத்திருந்தால் ஜீவனி என்ற உப்பு-சீனித் தூள், பொதியில் அச்சிட்ட அளவு தண்ணீரில் முழுப் பொதியையும் கரைத்து, மிடறு மிடறாக. வெறும் தண்ணீரைப் போத்தல் போத்தலாக ஊற்ற வேண்டாம், இரத்தத்தில் உப்புச் செறிவு சரிந்து அதுவே வலிப்பில் கொண்டுபோய் விடலாம். பல்லுக்கு ஃப்ளூரைட் பற்பசை காலையும் இரவும், வாய் உலர்ந்தால் சீனியில்லாத சூயிங்கம். எனர்ஜி டிரிங் அறவே வேண்டாம், அடிபடும் இதயத்துக்கு அது இன்னொரு சாட்டை. சாராயமும் அப்படித்தான். ஐஸ் வெறியை மறைத்துவிடுவதால் எவ்வளவு குடித்தோம் என்றே தெரியாது.

சரியாகச் சாப்பிடாதவருக்கு நாளொன்றுக்கு ஒரு சாதாரண மல்ட்டிவிற்றமின் குளிசையில் தப்பில்லை. குறையை நிரப்பும், ஐஸிலிருந்து காக்காது. இரும்புச்சத்துக் குளிசையை ஹீமோகுளோபின் பார்க்காமல் தொடங்க வேண்டாம். தொடங்கினால் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது, தேயிலையின் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், இடையில் ஓரிரு மணி நேரம் விடட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரும்புக் குளிசையைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கு அது நஞ்சு.

நெஞ்சுவலி, வலிப்பு, குழப்பமான பேச்சு, தாங்க முடியாத தலைவலி, தொட்டால் கொதிக்கும் உடம்பு, கைகால் விறைப்பு இதில் எது வந்தாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மேல் டிவிஷன் லயத்துக்கு எல்லா நேரத்திலும் வண்டி ஏறாது. எந்த வளைவு வரை வரும், அங்கே யார் கைவிளக்கோடு நிற்பது என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். வண்டி வரும்வரை மேலாடைகளைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வீட்டில் யாருடைய பிரஷர் குளிசையும் கொடுக்க வேண்டாம். வைத்தியரிடம் ஐஸ், ஃப்ளூஒக்செட்டின், மற்றக் குளிசைகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். போத்தல்களையும் கையோடு கொண்டு போங்கள்.

தம்பியிடம் பேசும்போது, "இதெல்லாம் பொய், தூக்கிப் போடு" என்று தொடங்க வேண்டாம். தன் உடம்பு கெடும் என்ற பயம் அவருக்கு இருப்பதால்தான் இவ்வளவு காசு செலவழித்திருக்கிறார். அந்தப் பயத்தோடு பேசுங்கள். கடைசியாக எப்போது இரண்டு இரவு தூங்காமல் இருந்தாய், நெஞ்சு படபடத்ததா, திங்கட்கிழமை வேலைக்குப் போக முடிந்ததா என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மூன்றாகிவிட்டதா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஐஸை விடவைக்கும் குளிசை இன்னும் இல்லை, பேச்சுவழிச் சிகிச்சைதான் பலன் தருகிறது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அவரே அழைக்கலாம், வழிகேட்டு நீங்களும் அழைக்கலாம். மனச்சோர்வு கூடி, சாகலாம் என்ற பேச்சு வந்தால் மனநல உதவிக்கு 1926.

அம்மாவிடம் சொல்வதைத் தம்பியிடம் கேட்டுச் செய்யுங்கள், உயிர் ஆபத்து வந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். கிளினிக்கின் அடுத்த திகதி எப்போது என்று கேட்டு, முடிந்தால் அன்றைக்கு நீங்களும் கூடப் போங்கள். போகும்போது அந்தப் போத்தல்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.