ரயில் இன்ஜின் மாதிரி என் வேனும் ஓடுமா?

கேள்வி: டெம்போ டிராவலர் ஒன்றில் படுக்கை, அடுப்பு, ஏசி எல்லாம் பொருத்தி கேரவனாக்கி குடும்பத்தோடு சுற்றுகிறோம். ரயிலில் டீசல் இன்ஜின் கரண்ட் தயாரித்து மோட்டாரை ஓட்டுகிறதே, அதேபோல ஒரு சின்ன ஜெனரேட்டர், பேட்டரி, மோட்டார் வைத்து ஹைபிரிட்டாக மாற்றினால் டீசல் மிச்சமாகுமா? ராத்திரி ஏசிக்காக இன்ஜினை ஓடவிடும் தொல்லையும் தீருமே?
- வாசகர், கோவை

பதில்: ரயிலைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. ஆனால் அங்கே அப்படி வைத்தது டீசலை மிச்சம் பிடிக்க இல்லை. 2,600 குதிரைத்திறன் உள்ள பழைய டபிள்யூடிஎம்-2 இன்ஜின், ஆயிரக்கணக்கான டன்னை நின்ற இடத்திலிருந்து இழுக்க வேண்டும், அதைத் தாங்குகிற கிளட்ச்சுக்கும் கியருக்கும் எங்கே போவது? உங்கள் வேனுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. கியர் வழியாகப் போனால் 100-க்கு சுமார் 95 பங்கு சக்கரத்துக்குப் போய்விடும், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் என்று கை மாறினால் ஆளாளுக்குத் தரகு எடுத்து 80, 85 தான் மிஞ்சும்.

அப்புறம் அந்த 'சின்ன' ஜெனரேட்டர். 4 டன் வண்டி சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தில் போகவே, என் கணக்கில் சுமார் 25 கிலோவாட் வேண்டும். 5 கேவிஏ ஜெனரேட்டர் தருவது 4.

ஹைபிரிட்டுக்கு லாபம் டவுன் நெரிசலிலும் மலை இறக்கத்திலும்தான், பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியை ஏற்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 1,900 மீட்டர் ஏற்றம், 4 டன்னை அவ்வளவு உயரம் தூக்க 20 யூனிட் செலவாகும். இறங்கும்போது டயர், காற்று, சார்ஜிங் இழப்பெல்லாம் போக ஒன்பது யூனிட் திரும்பி வந்தால் அதிகம், டீசலில் சொன்னால் இரண்டரை லிட்டர். அதுவும் ஊட்டியில் ஃபுல் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் கிடையாது, பேட்டரியில் இடம் இருக்காதே! இதற்காக லட்சக்கணக்கில் செலவு செய்வீர்களா? போதாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு. அங்கீகாரம் பெற்ற கிட் இல்லாமல் பட்டறையில் மாற்றினால் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, ஏசி விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் உண்மையான தேவை அதுதான் என்று தோன்றுகிறது. அதற்கு ஓடும் வண்டியில் கை வைக்கவே வேண்டாம். 10 யூனிட் எல்எஃப்பி பேட்டரி (லித்தியம் வகை, எடை 100 கிலோ பக்கம் வரும்), நல்ல இன்வெர்ட்டர், கூரையில் 400 வாட் சோலார் பேனல் இரண்டு. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி எட்டு மணி நேரத்துக்கு ஐந்து யூனிட் போல இழுக்கும், சோலார் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று தரும், மீதியை ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் நடுவில், கரண்ட்டை அளவோடு விடுகிற டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். நேராக ஒயர் இழுத்தால் லித்தியம் பேட்டரி கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் உறிஞ்சி, ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடும்.