புஸ்ஹா படித்தும் கெய்ரோவில் பேச்சு புரியாதவருக்கு

ஓராண்டு அரபி படித்தும் கெய்ரோ வேலையிடத்தில் யார் பேசுவதும் புரியவில்லை, படித்தது வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை, சகோ. நீங்கள் படித்தது புஸ்ஹா, அதாவது எழுத்து அரபி. செய்தி, அலுவலகக் கடிதம், 1973 முதல் ஐ.நா. பொதுச்சபையில் பயன்படும் அரபி எல்லாம் அதில்தான். ஆனால் அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

தெருவில் இருப்பது எகிப்திய ஆம்மிய்யா, அதாவது பேச்சு வழக்கு. ‘வேண்டும்’ என்பதற்கு நீங்கள் ‘உரீது’ என்பீர்கள், கடைக்காரர் ‘ஆயிஸ்’ என்பார். ‘இப்போது’, புஸ்ஹாவில் ‘அல்ஆன்’, அங்கே ‘தில்வஅத்தி’. காப்பியைக் குறிக்கும் ‘கஹ்வா’வின் முதல் எழுத்தைத் தொண்டையிலேயே விழுங்கி ‘அஹ்வா’ ஆக்கிவிடுவார்கள் (காப்பிக் கடைக்கும் அதே பெயர்). நம் எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் மாதிரிதான். இடைவெளி மட்டும் இன்னும் பெரிது.

புஸ்ஹாவை விட்டுவிடாதீர்கள். தினமும் எகிப்திய நாடகத் தொடர் ஒன்றைப் பார்த்து, கேட்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு மற்ற அரபு நாடுகளிலும் பலருக்குப் புரியும்.