‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என ஒரே வரியில் பதவியிறக்கம்: என்ன செய்யலாம்?

கேள்வி: இளநிலை உதவியாளராக நேரடி நியமனம் பெற்றேன். ஆறு ஆண்டுகளாக உதவியாளர் பதவியில் இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு கோப்பு விஷயமாக மேலதிகாரியுடன் வாக்குவாதம் வந்தது. பத்தே நாளில், ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ மீண்டும் இளநிலை உதவியாளராக இறக்கி ஒரு பக்க உத்தரவு தந்துவிட்டார்கள். மெமோ இல்லை, விசாரணை இல்லை. இது செல்லுமா?
— மாநில அரசு ஊழியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் பணிப்பதிவேட்டில் இருப்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். வழக்கறிஞரிடம் போகும் முன் அதை எடுத்துப் பாருங்கள். உதவியாளர் பதவி தற்காலிகப் பதவி உயர்வாகத் தரப்பட்டதா, அல்லது பேனலில் (பதவி உயர்வுக்குத் தகுதியானவர்கள் பட்டியலில்) பெயர் வந்து, பணிவரன்முறை (நியமனத்தை முறைப்படுத்துதல்) செய்யப்பட்டு, தகுதிகாண் பருவம் முடித்ததாக ஆணையும் இருக்கிறதா? தற்காலிகம் என்றால், காலியிடம் இல்லை என்று சொல்லி இறக்குவது பொதுவாகத் தண்டனை ஆகாது. முறைப்படி வந்த பதவி என்றால் அதில் உங்களுக்கு உரிமை உண்டு. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, உங்கள் பதிலைக் கேட்காமல் அதிலிருந்து இறக்க முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 311(2) பிரிவு, பணிநீக்கத்தோடு பதவியிறக்கத்தையும் சேர்த்தே இந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

உத்தரவில் ‘தண்டனை’ என்ற சொல் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1957-இல் பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இன்றும் நிற்கிறது. பதவியில் ஊழியருக்கு உரிமை இருந்ததா, உத்தரவால் சம்பளம், பணிமூப்பு போன்றவற்றில் அவருக்குப் பாதகம் வந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். உத்தரவில் போட்ட தலைப்பு பொருட்டல்ல. தற்காலிகப் பதவி உயர்வில் இருப்பவரையும் கோபத்தில் இறக்கியிருந்தால் இந்த இரண்டாவது கேள்வி கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் பதவியிறக்கம் என்பது, அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(பி)-யின்கீழ் எடுக்கும் நடவடிக்கையில் மட்டுமே தரக்கூடிய பெருந்தண்டனை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதற்கான விவர அறிக்கை, உங்கள் எழுத்துப்பூர்வ விளக்கம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்போடு வாய்மொழி விசாரணை, விசாரணை அறிக்கையின் நகல், அதன் மேல் உங்கள் கருத்து, கடைசியில்தான் உத்தரவு. அறிக்கை நகல் தந்தே ஆகவேண்டும் என்பது 1993-இல் இ.சி.ஐ.எல். – கருணாகர் வழக்கில் முடிவான விஷயம். உங்களுக்கு இதில் முதல் படியே நடக்கவில்லை.

இனி கையெழுத்து விஷயம். உத்தரவைத் தபால் சிட்டையில் வாங்கும்போது வெறும் கையெழுத்து போடாமல், ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தேதியும் நேரமும் போடுங்கள். வாங்கவே மாட்டேன் என்று மறுக்காதீர்கள்; கதவில் ஒட்டிவிட்டு, சார்பு செய்தாயிற்று (முறைப்படி சேர்ப்பித்தாயிற்று) என்று சாட்சிகளோடு மகஜர் எழுதிவிடுவார்கள். அடுத்து, சொன்ன இடத்தில் பணியில் சேர்ந்துவிடுங்கள். சேர்க்கை அறிக்கையில் ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்ற வரி இருக்கட்டும். மனம் வெறுத்து மருத்துவ விடுப்பில் உட்கார்ந்துகொள்வதுதான் பலர் செய்யும் தவறு. அதுவரை குற்றச்சாட்டே இல்லாத ஊழியர் மீது ‘அனுமதியின்றிப் பணிக்கு வராமை’ என்று அசல் 17(பி) ஒன்றை அலுவலகத்துக்கு நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

அதே வாரத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். உத்தரவின் நகலைக் கேட்டுப் பயனில்லை, அது உங்களிடமே இருக்கிறது. அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள். உத்தரவில் ‘நிர்வாகக் காரணம்’ என்று மென்மையாக இருக்கும். குறிப்புப் பக்கத்தில் ‘மேலதிகாரியிடம் மரியாதையின்றி நடந்ததால்’ என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். வழக்கே அந்த ஒரு வரியில்தான் நிற்கும்.

மேல்முறையீடு, உத்தரவிட்டவருக்கு அடுத்த மேல்நிலை அதிகாரியிடம். காலவரம்பு உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். குடும்பக் கஷ்டத்தை எல்லாம் எழுதிக் கருணை கேட்கும் மனுவாக்காமல், என்ன பதவி, எந்த ஆணைப்படி, எந்தப் படி தவிர்க்கப்பட்டது என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு. இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால், மேல்முறையீடு முடியவில்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ள வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் வேறு ஒருவரைப் போட்டிருந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்; இதை விட்டுவிட்டு அலைந்தவர்கள் நிறைய.

ஜெயித்தாலும், ‘சட்டப்படி புதிதாக நடவடிக்கை எடுக்கத் தடையில்லை’ என்ற வரியோடுதான் பெரும்பாலும் தீர்ப்பு வரும். அதனால் அந்தப் பழைய கோப்பில் உங்கள் பக்கத்து ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று மட்டும் உறுதி: முறைப்படி விசாரித்தாலும் இளநிலை உதவியாளருக்குக் கீழே உங்களை இறக்க முடியாது. நேரடியாக எந்தப் பதவியில் சேர்ந்தாரோ அதற்குக் கீழே ஒருவரை இறக்கக்கூடாது என்று 1988-இல் நியாதர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

(வாரியம், கழகம், கூட்டுறவு ஊழியர்களுக்கு 311 பொருந்தாது, அவரவர் பணி விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.)

கேள்வி: தனியார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சம்பளம் 26,000. ‘நாளை முதல் ஆபரேட்டர், 20,000’ என்று ஹெச்.ஆர். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். லேபர் ஆபீஸ் போகலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: முதலில் நீங்கள் சட்டப்படி ‘தொழிலாளி’யா என்று பார்க்க வேண்டும். 21.11.2025 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் தொழிலாளி ஆகமாட்டார். ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன இருக்கிறது என்பது கணக்கில்லை. நாளெல்லாம் மெஷினில் நின்றவரா, பிறருக்கு வேலை பிரித்துக்கொடுத்து லீவு அனுமதித்தவரா? ஷிப்ட் பதிவேடு, புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டில் உங்கள் கையெழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

தொழிலாளி என்றால், கிரேடையோ ஊதியத்தையோ மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தண்டனையாக இறக்கினார்கள் என்றால் நிலையாணைகளின் (நிறுவனத்தின் பணி விதிகளின்) நகலைக் கேளுங்கள். அதிலுள்ள தண்டனைப் பட்டியலில் பதவியிறக்கம் இல்லாவிட்டால், விசாரணை நடத்தியும்கூட அந்தத் தண்டனையைத் தர முடியாது.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும். ஓராண்டுக்குள் அதில் மனுக் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் அடுத்த 60 நாளுக்குள் தொழிற்சங்கம் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். பதவியிறக்கத்தில் ஊழியர்கள் சறுக்குவது இங்கேதான். வேலையைவிட்டு எடுத்தால் தனியாளாகவே சமரச அலுவலரிடம் போகலாம். பதவியை இறக்கினால் சங்கத்தின் தோள் வேண்டும். அங்கும் முடியாவிட்டால் சமரச அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயம்.

நீங்கள் தொழிலாளி இல்லை என்றால் நியமனக் கடிதம்தான் ஆயுதம், இடம் சிவில் நீதிமன்றம். எப்படியானாலும் அந்த வாட்ஸ்அப்புக்கு ‘ஓகே சார்’ என்று பதில் போட்டிருந்தால், இன்றே ‘இதற்கு நான் சம்மதிக்கவில்லை’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். குறைந்த சம்பளத்தைச் சத்தமில்லாமல் மாதக்கணக்கில் வாங்கினால், சம்மதித்ததாகவே வாதாடுவார்கள்.

கேள்வி: ராஜினாமா செய்துவிட்டுச் சிறிய பதவியில் மறுபடி சேரச் சொல்கிறார்கள். 22 வருட சர்வீஸ். செய்யலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. ராஜினாமா செய்தால் சர்வீஸ் அறுந்து, புதிதாகச் சேர்ந்தவர் ஆகிவிடுவீர்கள். ராஜினாமா செய்யாமல் பதவி மட்டும் இறங்கினால்கூட நஷ்டம் சம்பளத்தோடு நிற்காது. பணிக்கொடை கடைசியாக வாங்கிய ஊதியத்தில், வருடத்துக்கு 15/26 என்று கணக்கிடப்படுகிறது. அதற்கான ஊதியத்தில் 6,000 ரூபாய் குறைந்தால், 22 வருடத்துக்குச் சுமார் 76,150 ரூபாய் போய்விடும்.