ஒரே மனிதர் இடத்துக்கு இடம் வேறு விதமாகப் பேசுவது ஏன்?
வீட்டில் ஒரு விதமாகவும் வகுப்பறையில் வேறு விதமாகவும் பேசுவது போலித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. ஆளும் இடமும் அறிந்து நடையை மாற்றுவது மொழித்திறனின் ஒரு பகுதி.

1962-இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கில் உயர்தரம், நடுத்தரம், மலிவு விலை என மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ (நான்காவது தளம்) என்று பதில் வரும்படி ஊழியர்களிடம் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு காதில் விழாததுபோல் மறுபடியும் கேட்டார். இந்த இரு ஆங்கிலச் சொற்களிலும் உள்ள ரகரத்தை நியூயார்க்கில் பலர் ஒலிக்காமல் விட்டுவிடுவார்கள்; ஒலிப்பதே மதிப்பான உச்சரிப்பாகக் கருதப்பட்டது. உயர்தரக் கடையில் 62 சதவீதத்தினர் ரகரத்தை எல்லா இடங்களிலுமோ சில இடங்களிலோ ஒலித்தார்கள்; மலிவு விலைக் கடையில் சுமார் 20 சதவீதத்தினரே. இரண்டாம் முறை அழுத்திச் சொன்னபோது ரகரம் கூடியது. வர்க்கம் மட்டுமல்ல, பேச்சில் செலுத்தும் கவனமும் உச்சரிப்பை மாற்றுகிறது.

வீட்டுப் பேச்சுக்கும் வகுப்பறைப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு பள்ளியில்தான் பிள்ளைகளைப் பாதிக்கிறது. “இது என்ன நிறம்?” என்று ஆசிரியர் விடை தெரிந்தே கேட்கிறார். பெற்றோரும் அப்படிக் கேட்கும் வீட்டுப் பிள்ளை சட்டென்று பதில் சொல்லிவிடும். தெரியாததை மட்டுமே கேட்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளையோ, கண்ணெதிரே இருப்பதை ஏன் கேட்கிறார் என்று விழிக்கும். அமெரிக்காவில் ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மொழியியல் மானிடவியலாளர் இதை நேரில் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். அந்த மௌனத்தை அறிவுக்குறைவு என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம். வீட்டு வழக்கைப் பழிக்காமல், பள்ளி நடையைக் கூடுதலாகக் கற்றுக்கொடுக்க முடியும்.